நிரோஷினி அடித்த சம்பளக் கடிதங்கள்

எங்கள் மலைநாட்டு நகரத்தின் கொழும்பு வீதியில் நாங்கள் வேலை செய்யும் புடைவைக் கடையில் ஆளுக்கு இரண்டு சம்பளம். ஒன்று வவுச்சரில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. மற்றது பழுப்புக் கவரில் கையோடு தருவது. வவுச்சரில் உள்ள தொகைக்கு மட்டும் எங்கள் ஓய்வுகாலச் சேமலாப நிதி கட்டினால் போதும் என்பதற்காக முதலாளி செல்லப்பா வைத்திருக்கும் ஏற்பாடு. இந்த இரட்டைக் கணக்கைப் பதினொரு வருடமாகப் பிழையில்லாமல் பார்த்து வருபவள் நிரோஷினி. படிக்கட்டுக்குக் கீழே உள்ள கண்ணாடி அறை அவளுடையது. ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் இரும்பு அலுமாரி, சுவரில் மகள் கீறிய மஞ்சள் யானைப் படம்.

நீதிமன்றத்துக்குச் சம்பளக் கடிதம் அடிப்பதும் அவள் வேலைதான். கடையில் ஒருவன் மனைவியை விட்டுப் பிரிந்து, அவள் பிள்ளையை வளர்க்கத் தாபரிப்புக் காசு கேட்டு வழக்குப் போட்டால், அவனுக்கு என்ன சம்பளம் என்று நீதிமன்றம் கேட்கும். நிரோஷினி வவுச்சர்த் தொகையை அடித்து, முதலாளியின் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி அனுப்புவாள். அப்படி நான்கு பேருக்கு அடித்திருக்கிறாள்.

அவர்களில் ஒருவர் லொறி ஓட்டிய கறுப்பையா. அவருடைய மனைவி அன்னலட்சுமி கலஹாவிலிருந்து கைப்பிள்ளையோடு கடைக்கே வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, உள்ளே வராமல், “மிஸ், நெசமாவே அவருக்கு அவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதாங்க” என்றாள் நிரோஷினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். கறுப்பையாவும் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார்.

நிரோஷினியின் கணவன் துஷாந்தும் எங்கள் கடைதான். கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருபவன். கமிஷனோடு மாதம் தொண்ணூறாயிரம் எடுப்பான். வவுச்சரில் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. போன வருடம் அவன் நாவலப்பிட்டியில் வேறொருத்தியோடு குடிபோனான். நான்காம் தரத்தில் படிக்கும் மகள் மதுஷா தாயோடு தங்கினாள். பிள்ளைக்கு இழுப்பு. மழை தொடங்கினால் பம்ப் இல்லாமல் மூச்சு வராது. பம்ப், பாடசாலை வேன், டியூஷன் என்று பட்டியல் போட்டு, மாதம் முப்பதாயிரம் கேட்டு நிரோஷினி வழக்குப் போட்டாள்.

மூன்று வாரத்தில் நீதிமன்றத்தின் கடிதம் அவளுடைய மேசைக்கே வந்தது.

அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். இந்த ஒரு முறை உண்மைத் தொகையைப் போடலாமா என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.

“பிள்ளை, அவனுக்கு மட்டும் உண்மையப் போட்டா, நாளைக்கு லேபர் ஒபிஸ்காரன் எல்லார் பேப்பரையும் கேப்பான். ஒன் பேப்பரும் அதுலதானே கெடக்கு? ஒனக்கு மனசு கஷ்டம்னா லீவு எடுத்துக்க. வேற யாரும் அடிக்கட்டும்.”

அவள் லீவு எடுக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பார்த்தோம். புதிதாக ஒன்றும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. கறுப்பையாவுக்கு அடித்த பழைய கடிதத்தைத் திறந்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றினாள். இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

கடை ஆள் ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்து உண்மைச் சம்பளத்தைச் சொன்னால் வழக்கைத் திருப்பலாம் என்று அவளுடைய சட்டத்தரணி சொன்னாராம். பகல் சாப்பாட்டு நேரத்தில் பொதுவாக எல்லோரிடமும் அதைச் சொன்னாள். ஒருவரும் நிமிரவில்லை. சோற்றுப் பார்சலை முடித்துக்கொண்டு, நான் ஏற்கனவே மடித்திருந்த சாரியை விரித்து மறுபடி மடித்தேன்.

வழக்கு நாளில் நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். நீதிமன்ற வாங்கில் அன்னலட்சுமி உட்கார்ந்திருந்திருக்கிறாள். இவளைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள். கறுப்பையா பத்து மாதமாகக் காசு கட்டவில்லை. பிடியாணை இருக்கிறது, ஆனால் ஆளைக் காட்டிக் கொடுக்க ஆட்டோ பிடித்துப் பொலிசாரோடு அலைவது அன்னலட்சுமிதான்.

“நீங்களும் வழக்கா மிஸ்?”

“ஆமா.”

“சம்பளக் கடுதாசி குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க.”

“அப்ப சரியா இருக்கும். கடையில நீங்கதானே இருக்கீங்க.”

குத்தலாகச் சொன்னாளா என்று நாங்கள் கேட்டோம். இல்லை, நம்பித்தான் சொன்னாள் என்றாள் நிரோஷினி.

நீதவான் கடிதத்தைப் படித்தார். நீங்களும் அதே கடையில்தானே வேலை, இந்தத் தொகையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். முதலாளி கடைசி வரிசையில் இருந்தார். அவருக்குப் பயந்ததாக அவள் சொல்லவில்லை. ஏற்கவில்லை என்றால், கடிதம் பொய் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அடித்தது நான்தான் என்று சொல்ல வேண்டிவரும் என்றுதான் யோசித்தாளாம். முதலாளிக்கு இரண்டு ஆள் தள்ளி அன்னலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

“ஏத்துக்கிறேன்” என்றாள் நிரோஷினி.

பிள்ளைக்கு மாதம் எண்ணாயிரத்து ஐந்நூறு என்று தீர்ப்பானது. அந்தச் சம்பளத்துக்கு அதுவே அதிகம் என்று துஷாந்தின் சட்டத்தரணி முணுமுணுத்தாராம்.

இரண்டு மாதம் கட்டினான். மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும் கட்டவில்லை. அவள் மறுபடி நீதிமன்றம் போனாள். இனி அவன் சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பும்படி கடைக்குக் கட்டளை வந்தது. அதுவும் அவள் மேசைக்குத்தான் வந்தது.

இப்போது ஒவ்வொரு இருபத்தைந்தாம் திகதியும் துஷாந்த் கண்ணாடி அறைக்குள் போவான். அவள் வவுச்சரில் எண்ணாயிரத்து ஐந்நூறைக் கழித்து எழுதுவாள். பிறகு அலுமாரியைத் திறந்து பழுப்புக் கவரை எடுத்து, கடை வழக்கப்படி, அவன் முன்னால் எண்ணிக் காட்டுவாள். அறுபத்தோராயிரத்து ஐந்நூறு.

போன மாதம் அடைமழை. மதுஷா நான்கு நாளாகப் பாடசாலைக்குப் போகவில்லை. கடை வாசலில் சாக்கு விரித்திருந்தோம். நானும் சம்பளத்துக்கு அவனுக்குப் பின்னால் நின்றேன். எண்ணி வாங்கியதை அவன் விரலில் எச்சில் தொட்டு இன்னொரு தரம் எண்ணினான். எண்ணிக்கொண்டே, “பிள்ளைக்கு இழுப்பு எப்படி?” என்றான்.

நிரோஷினி பேனையை அவன் பக்கம் தள்ளினாள்.

“ஆள் நிக்கிறாங்க. சரின்னா கையெழுத்தப் போடுங்க.”