ஜாமீன் கிடைத்தும் வீடு திரும்பாத ஜெயசீலன்: பாலக்கோடு, தருமபுரி பயணம்

போன பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்குப் போனேன். வழக்கமாக இங்கே அருவியும் மலையுமாக எழுதுகிறவன் நான். இது அப்படிப்பட்ட பயணம் அல்ல. எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்து நண்பராகிவிட்ட ஜெயசீலனை, வெளிநாட்டவர் என்று சொல்லி வேறொரு மாவட்டத்தில், சிறைபோலக் காவல் போட்ட சிறப்பு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி ஆரோக்கியமேரி போனில் கேட்டார்: "அண்ணா, தருமபுரி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கூட வர முடியுங்களா? தனியாப் போனா உக்காருன்னுகூட சொல்ல மாட்டேங்கறாங்க."

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் எட்டுக்குள் இறங்கிவிடலாம். (தக்காளி மண்டிக்குப் போகும் வண்டிகள் மறித்தால் இன்னும் கொஞ்சம் ஆகும்.) அங்கிருந்து, ஆரோக்கியமேரி குடியிருக்கும், அணைக்கட்டை ஒட்டிய இலங்கை அகதிகள் முகாமுக்கு ஷேர் ஆட்டோ உண்டு. கேமராவை எடுக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வரிசை வரிசையாகக் குடித்தனங்கள். வேடிக்கை பார்க்க ஏதுமில்லை.

ஜெயசீலனின் பெற்றோர் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அவர் பிறந்தது இந்த முகாமில்தான். படித்தது பாலக்கோட்டில். ஆரோக்கியமேரி பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், இந்தியக் குடிமகள். அவரை மணந்தும் ஜெயசீலன் சட்டப்படி இந்தியர் ஆகவில்லை. வளைகுடாவில் வேலை கிடைக்கும் என்று ஓர் ஏஜென்ட் பேச்சை நம்பி இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். பிடிபட்டார். அது தப்புதான். அந்தத் தப்பை விசாரிக்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றம் ஜாமீனும் கொடுத்தது.

தருமபுரி போகும் பஸ்ஸில் ஆரோக்கியமேரி மிச்சத்தைச் சொன்னார். மடியில் இரண்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெயில் வாசல்ல பாப்பாவத் தூக்கிக்கிட்டு நின்னேங்க. வெளிய வந்தாரு, சிரிச்சாரு. பாப்பாவ வாங்கறதுக்குக் கைய நீட்டறதுக்குள்ள போலீஸ் வண்டி வந்துடுச்சு. எதுக்குங்க, ஜாமீன் இருக்குதேன்னு கேட்டேன். ஜாமீன் கோர்ட்டு குடுத்தது, இது கவர்மெண்ட் ஆர்டருன்னாங்க."

"ஆர்டரைக் காட்டினார்களா?"

"அவருகிட்ட காட்டுனாங்களாம். படிக்க விடலையாம்."

அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொன்னார்கள். கணவரை விடச் சொல்லி ஆரோக்கியமேரி எழுதிய மனுவை வாங்கிய அலுவலர் கடுமையானவர் அல்ல. குழந்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். "அம்மா, அது எங்க கையில இல்லீங்க. மேல இருந்து வந்த உத்தரவு. எப்ப விடுவாங்கன்னு எனக்கும் தெரியாது" என்றார்.

படியிறங்கும்போது சிறப்பு முகாமிலிருந்து ஜெயசீலனே போனில் கூப்பிட்டார். ஆரோக்கியமேரி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேரி, கேஸை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டேன். அங்க போறேன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்."

"எங்க?"

"இலங்கைக்குத்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்களே. அங்க யாரு இருக்கறா நமக்கு?"

"தண்டனைன்னா இத்தனை வருசம்னு ஒரு கணக்கு இருக்கும். இதுக்குக் கணக்கே இல்ல மேரி. என்னால முடியல."

ஆரோக்கியமேரி அழவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வக்கீல் யாராச்சும் இருக்காங்களான்னு பாப்போங்க" என்றார்.

நீதிமன்ற வளாகத்தின் இலவச சட்ட உதவி மையத்தில் ஓர் இளம் பெண் வழக்கறிஞர் முழுவதையும் கேட்டார். விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்ததையும், அந்த நெருக்கடியில் வாங்கிய கையெழுத்தையும் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றார். சென்னையில் தெரிந்த வழக்கறிஞர் மூலம் அந்த வாரமே மனு தாக்கலானது. வியாழக்கிழமை விசாரணைக்கு வருவதாக இருந்தது. புதன்கிழமையே அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை, ஆள் நாட்டிலேயே இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னதும், சில நிமிடங்களில் மனுவை முடித்து வைத்தார்கள். அவர் தரப்பைக் கேட்க எங்கேயும் யாருக்கும் நேரம் அமையவில்லை.

உங்கள் உறவினர் யாருக்காவது இந்த நிலை வந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஜாமீன் கிடைக்கும் நாளில் வழக்கறிஞரையும் சிறை வாசலுக்கு அழைத்துப் போங்கள். அடைக்கும் உத்தரவின் நகலை எழுத்தில் கேளுங்கள். வழக்கறிஞர் படிக்காத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உள்ளே இருப்பவருக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். சிறப்பு முகாமில் ஆளைப் பார்க்க முன் அனுமதி வேண்டும். நண்பர்களை விடுவதில்லை, கணவன், மனைவி, பெற்றோர் போனால்தான் நடக்கும். சட்ட உதவி மையத்துக்கு முதல் நாளே போங்கள். நாங்கள் கடைசியாகப் போனோம்.

போன ஞாயிறு ஜெயசீலன் என்னோடு பேசினார். மன்னாரில் தூரத்து உறவுக்காரர் வீட்டுத் திண்ணையறையில் இருக்கிறார். பெயிண்டிங் வேலை எப்போதாவது கிடைக்கிறதாம். மனைவிக்கு பாஸ்போர்ட் கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று விசாரித்தார். ஊர் பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"எங்கீங்க. நான் வாயத் தொறந்தாலே, நீங்க இந்தியாவான்னு கேக்கறாங்க. ஆமான்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதான்னு தெரியலீங்க" என்றார்.