மில்லிமீட்டர் வீட்டு வண்டி

என் அக்காவின் கணவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் மில்லிமீட்டர். காரின் சக்கரங்களை நேர்படுத்தும் வீல் அலைன்மென்ட் வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். சக்கரம் இம்மி பிசகி உள்ளே திரும்பியிருந்தாலும் மனிதருக்குப் பொறுக்காது. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, உட்காருவதற்கு முன்னால் சாய்ந்திருந்த சுவர்க் கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தவர். அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதே பட்டறையில் டயர் மாற்றி மாற்றி முடியெல்லாம் கொட்டிப்போன எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அக்கா ஒரு கிளினிக் சார்பில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவள். இடுப்பெலும்பு முறிந்தவர்கள், கை கால் விளங்காமல் போனவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு. அதற்காகவே தன் சம்பாத்தியத்தில் ஒரு சின்ன கார் வாங்கினாள். அவள் மூன்று நாள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து மாமா அதில் கை வைத்தார். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற புது ஸ்பிரிங்குகளை மாட்டி, வண்டியை மூன்று விரல் தாழ்த்தினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தாழ்த்தினால் வண்டி அழகாக இருக்குமாம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அலைன்மென்ட். தாழ்த்திய வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பாரம் சரியாகப் பிரிய வேண்டும். அதனால் ஓட்டுபவரின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை இருக்கையில் அடுக்கி வைத்துக்கொண்டு அளந்தார். மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். எண்பத்தெட்டு கிலோ. எனக்கும் அப்போது உறைக்கவில்லை. கடைசியில் இறுக்கிய நட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு அவருடைய கையெழுத்து மாதிரி.

ஒரு வாரத்தில் அக்கா சொன்னாள். “வண்டி இடது பக்கமா இழுக்குதுங்க.”

மாமா சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். “கோடு போட்ட மாதிரி நேராப் போகுது. நீ ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கிறே?”

அடுத்த மாதமும் சொன்னாள். அடுத்த மாதமும் அவர் ஓட்டிப் பார்த்தார். நேராகப் போனது. “எனக்கு இழுக்காதது உனக்கு மட்டும் எப்படி இழுக்கும்? உனக்கு ஓட்டத் தெரியலை, அவ்வளவுதான்” என்று சாப்பிடும்போது சொல்வார், விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். ஒரு நாள் நோயாளி ஒருவரின் வீட்டு மதில் சுவரில் கதவை உரசிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

எட்டாவது மாதம் பட்டறை வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“டேய், கிளினிக்ல சொல்லிட்டேன். அடுத்த மாசத்திலேருந்து வீடுகளுக்குப் போகலை. முன்னாடி உக்காந்து பேர் எழுதுற வேலை கேட்டிருக்கேன். எனக்கு ஓட்ட வரலைடா.”

பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறவள். மாமா என்ன நினைப்பார் என்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு அலைன்மென்ட் கடைக்குக் கூட்டிப் போனேன். அந்தக் கடைக்காரர் பெயரைக் கேட்டாலே மாமாவுக்கு ஆகாது.

கடைக்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒன்றுதான் கேட்டார். “தினமும் இதை யாரும்மா ஓட்டுறது?”

“நான்தான்.”

“அப்ப ஏறி உள்ள உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் இறங்காதீங்க.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் ஸ்பிரிங்குகளின் உயரத்தைத் திருத்தி, சக்கரங்களை மறுபடி நேர்படுத்தி, நட்டின் மேல் மஞ்சள் கோடு போட்டார். திரும்பி வரும்போது காலியான சாலையில் அக்கா ஒரு நொடி இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தாள். வண்டி நேராகப் போனது. ஓரமாக நிறுத்திவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். “நான் சரியாத்தான்டா ஓட்டியிருக்கேன்” என்றாள். மறுநாளே கிளினிக்கில் பேசி, வீடுகளுக்குப் போகிற வேலையையே தொடர்ந்தாள்.

மூடி மறைத்தது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் மதியம் ஆயில் மாற்றுவதற்காக அக்காவின் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து அடியில் படுத்த மாமா, தன் வெள்ளைக் கோட்டின் மேல் மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டார். வெளியே வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“நான்தான் கூட்டிட்டுப் போனேன் மாமா.”

மாமா கையைக்கூடத் துடைக்காமல் அந்த வண்டியிலேயே வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அடுத்த நோயாளி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள் அக்கா.

“ஊர் வண்டியெல்லாம் என்கிட்ட வருது. என் வீட்டு வண்டி அவன்கிட்டப் போகுது. அக்காவும் தம்பியும் சேர்ந்து என் முதுகுல குத்திட்டீங்கல்ல?” சாவியை மேஜையில் எறிந்தார். மனிதர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார்.

அக்கா பையிலிருந்து கடைக்காரர் அன்று கொடுத்த அளவுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். மாமா வழக்கம்போல ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து இறங்கினார். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. ஓட்டுபவர் எடை: ஐம்பத்தொரு கிலோ.

எண்பத்தெட்டு கிலோ யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏறினால் நேராகப் போகிற வண்டி, அக்கா ஏறினால் ஏன் சாய்ந்து இழுத்தது என்று அந்த வேலை தெரிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

“எட்டு மாசமா எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொன்னீங்க” என்றாள் அக்கா. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பி, வேலையையே விடப் பார்த்தேன். முதுகுல குத்தினது யாருங்க?”

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கை மேஜை விரிப்பில் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வா. நீயே உள்ள உக்காரு. நான் முதல்லேருந்து செஞ்சு தர்றேன்.”

அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் முன்னாலிருந்த சாவியை எடுத்தாள்.

“வேண்டாங்க. இப்ப நேராத்தான் போகுது. நீங்க தொடாதீங்க.”