அப்பாவின் சட்டை வாசனை

லாரியிலும் ஓட்டலிலும் வேலை பார்த்து ஊர் ஊராகத் திரிந்த எனக்கு, அப்பாவைப் பற்றி ஒரே ஒரு நினைவுதான் இருந்தது. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் என்னைத் தோளில் ஏற்றிப் போய், ஆண்டர்சன்பேட்டையில் பன் வாங்கித் தந்தார். அவர் சட்டையில் ஈரமண் வாசனை அடித்தது.

போன மாதம் சொந்த ஊரான தங்கவயலுக்கு வந்தபோது அதை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“இன்னாடா நீ! அப்பா தூக்கினு போனது என்னை. பன்னைத் துன்னதும் நான்தான். அவரு செத்தப்போ நீ அம்மா வயித்துல இருந்த. அப்பா வேணும்னு நீ அழறப்போல்லாம் நான்தானே இந்தக் கதைய சொல்வேன்?”

இருந்த ஒரு நினைவும் போயிற்றே என்று கண்ணை மூடினேன். போகவில்லை. அதே தோள், அதே வாசனை. வாசனையைப் பற்றி அக்கா சொன்னதே இல்லையாம். நான் பார்த்தேயிராத சட்டைக்கு, என் மனமே எங்கிருந்தோ மண்ணெடுத்து வந்து பூசியிருக்கிறது.