ஜாக்குலினின் இடது கை

தன் மனைவிக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்பது சாஜனுக்குக் கல்யாணத்தன்றே தெரியும். ஆனால் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜாக்குலின் மும்பை போலீஸில் ஹவல்தார். வயது நாற்பத்திரண்டு. மோர்ச்சா, ஊர்வலம், மந்திரி வருகை என்று எங்கே நிறுத்தினாலும் நின்றுவிட்டு, சாயங்காலம் கால் வீங்கி லேபர் கேம்ப் குடியிருப்பில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவாள். நிற்பதுதான் அவள் உத்தியோகம் என்று அவன் நினைத்திருந்தான். அவன் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவன்தான்.

போன வருஷம் வழக்கமான சுடும் பயிற்சியில் அவள் சுட்ட குண்டு ஒன்றுகூட நடு வட்டத்தைவிட்டு வெளியே போகவில்லை. எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடும் பயிற்சியாளர், மாநிலப் போலீஸ் போட்டிக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டார். எழுதும்போதே, "குறி சுத்தம். கைதான் ஆமை," என்றாராம்.

போட்டி இதுதான். துப்பாக்கி இடுப்பு உறையில் இருக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். எதிரே பக்கவாட்டில் நிற்கும் அட்டை சட்டென்று திரும்பி முகம் காட்டும். மூன்று விநாடியில் மறுபடி திரும்பிக்கொள்ளும். அதற்குள் உருவி, நீட்டி, இரண்டு குண்டு சுட வேண்டும். ஜாக்குலினுக்கு உருவி நீட்டவே இரண்டரை விநாடி ஆயிற்று.

பழகுவதற்கு உஸ்தாத் ஒரு ரப்பர் துப்பாக்கி கொடுத்தார். நீல நிறம், எடை மட்டும் அசல். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். டிரம் நிரம்புகிற அந்த அரை மணி நேரம் அவளுடையது. நைட்டிக்கு மேல் போலீஸ் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டிய கறுப்புத் தாளைப் பார்த்து நிற்பாள். மொபைலில் பீப் சத்தம் வந்ததும் கை பாயும். ஒருநாள் பக்கத்து வீட்டு ஹபீபா கீமா கறிக் கிண்ணத்தோடு கதவைத் திறந்து, துப்பாக்கி தன் பக்கம் எழும்புவதைக் கண்டு, கிண்ணத்தைப் போட்டுவிட்டு அலறியதில் அந்த வரிசையே விழித்துக்கொண்டது.

சாஜன் அவள் துப்பாக்கி உருவுவதை மொபைலில் படம் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தான். தோலில் கத்தி எங்கே வீணாக ஓடுகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவனுக்கு.

"கை போறதுக்கு முந்தி தோள் ஏறுது பாரு. பொறவு, தலை குனிஞ்சு துப்பாக்கியத் தேடுது," என்றான்.

"என்ன சொல்லுதிய? நான் அசையவே இல்லியே!"

"நீயே பாரு."

பார்த்தாள். மறுநாளிலிருந்து வேகத்தை விட்டுவிட்டாள். தண்ணீருக்குள்ளிருந்து எடுப்பதுபோல மெதுவாக உருவினாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள குழி பிடியின் உச்சியில் பதிகிறதா, முழங்கை பின்னால் போகிறதா, நெஞ்சருகே மற்ற கை வந்து சேர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாத அசைவுகளைக் களைந்தாள். வேகம் என்றால் பரபரப்பு என்று அவன் நினைத்திருந்தான். இங்கே களையக் களைய நேரம் தானாகக் குறைந்தது. ஜூலை கடைசியில் ஒன்று புள்ளி ஆறு விநாடி.

ஆகஸ்டில் வடாலாவில் தஹி ஹண்டி உறியடி விழாவுக்குப் பந்தோபஸ்து. கூட்டம் நெருக்கியதில் இரும்புத் தடுப்பு ஒன்று சாய்ந்து, ஜாக்குலினின் வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் இரண்டு இடத்தில் முறிவு. எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் நடு மூட்டு முழுசாக மடங்காது என்று டாக்டர் சொன்னார். விசையை அழுத்துகிற விரலே அதுதான்.

இரண்டு நாள் காலையில் பீப் சத்தம் கேட்கவில்லை. சாஜன் ரப்பர் துப்பாக்கியை எடுத்து பீரோ மேல், கண்ணில் படாத இடத்தில் வைத்தான்.

மூன்றாம் நாள் காலை பீப் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றிருந்தாள். துப்பாக்கி பெல்ட்டில் சொருகியிருந்தது.

"என்ன செய்யுத?"

"இந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியலங்க. பேனாகூடப் புடிச்சதில்ல." அவள் முகத்தில் வருத்தம் இல்லை. "ஆனா ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது, பாத்தியளா?"

"உறை வலப் பக்கத்துக்குல்லா இருக்கு?"

"அதத்தான் ஒங்கட்ட கேக்கணும்னு நிக்கேன்."

பேட்டர்ன் தாளைத் திருப்பிப் போட்டால் இடது கை உறை ஆகிவிடும் என்று சாஜன் நினைத்தான். முதலில் தைத்தது பெல்ட்டையும் சேர்த்து இழுத்தது. இரண்டாவதில் உறையைப் பூட்டும் டிச் பட்டன் வெளிப்பக்கம் விழுந்து பெருவிரலுக்கு எட்டவில்லை. மூன்றாவதற்கு எருமைத் தோலைத் தண்ணீரில் ஊற வைத்து, ரப்பர் துப்பாக்கி மேல் போர்த்தி, ஓரமெல்லாம் அழுத்தி, ஃபேனடியில் இரண்டு நாள் காயவிட்டான். உஸ்தாத் அதை வாங்கித் தலைகீழாக உதறினார். துப்பாக்கி விழவில்லை. பட்டனைத் திறந்துவிட்டு ஒரு விரலால் இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. உடனே இடது கை உறைக்கு அனுமதிக் கடிதம் வாங்க ஆள் அனுப்பினார்.

இடது கை முதல் வாரம் நாலு விநாடி எடுத்தது. துப்பாக்கி தரையில் விழுந்தது, கால் பெருவிரலில் விழுந்தது, ஒருமுறை தண்ணீர் டிரம்மிலேயே விழுந்தது. குறிபார்க்கும் கண் வலது கண்ணாக இருந்ததால், கை இடப்புறத்திலிருந்து கிளம்பி மூக்கைத் தாண்டி வந்து நிற்கவேண்டியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு மாதம் போயிற்று. ஒரு நாளைக்கு இருநூறு தடவை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பினவள், அந்தச் சேலை மேலேயே பெல்ட்டை மாட்டி நின்றதைப் பார்த்து சாஜன் வாசலில் காத்திருந்தான்.

ஜனவரியில் பூனாவில் போட்டி. கடைசி நாள் வீட்டுக்காரர்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிற்க விட்டார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாஜன் நின்றான். வரிசையில் பதினொரு பெண்கள். முக்கால்வாசிப் பேர் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள். இடது பக்கம் உறை கட்டியவள் அவள் ஒருத்திதான்.

அவள் நின்றாள். தினமும் தெருவில் நிற்பவள் இப்படி நின்று அவன் பார்த்ததில்லை. தோள் இறங்கியிருந்தது. மூச்சுகூடத் தெரியவில்லை.

அட்டை திரும்பியது.

கை தொடையருகே இருந்ததை அவன் பார்த்தான். துப்பாக்கி கண்ணுக்கு நேரே இருந்ததையும் பார்த்தான். நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டு வெடி, அட்டை திரும்பிக்கொண்டது. அவள் அவசரமே இல்லாமல், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலத் துப்பாக்கியை உறையில் வைத்தாள். மறுபடி தொங்கிய கை. மறுபடி அட்டை. ஐந்து முறை. தன் வீட்டில், டிரம்முக்கும் கட்டிலுக்கும் நடுவில், தன் கண்ணெதிரே நடந்ததுதான் இது. அப்படியும் அவனுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எப்போது செருப்பைக் கழற்றினான் என்று தெரியவில்லை. கோயிலில் நிற்பதுபோல வெறுங்காலோடு புழுதியில் நின்றிருந்தான்.

பத்து குண்டும் அட்டையில் இருந்தன. மொத்தப் புள்ளியில் நாலாவது இடம். பதக்கம் இரண்டு புள்ளியில் தவறியது. ஆனால் மாநில அணிக்கு நாலு பேரை எடுத்தார்கள்.

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "மூணாவது தடவ கொஞ்சம் பிந்திட்டேன், கவனிச்சியளா?"

"இல்ல." அவன் காலால் செருப்பைத் துழாவினான். "கை போனதே எனக்குத் தெரியல, ஜாக்குலின்."

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கினாள். மடியில் கிடந்த இடது கையை அவன் பார்த்துக்கொண்டே வந்தான். விரலிடுக்கில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, ஏனோ கூச்சமாகவும் இருந்தது. கர்ஜத்தில் வண்டி நின்று சத்தம் கேட்டதும் விழித்துக்கொண்டாள்.

"வலிக்கா?" என்று கேட்டான்.

"பசிக்கு," என்றாள்.

ஜன்னல் வழியே இரண்டு வடா பாவ் வாங்கினான். அவள் இடது கையாலேயே வாங்கி, இடது கையாலேயே தின்ன ஆரம்பித்தாள். அது அவளுக்குத் தெரியவே இல்லை. இடது கையால் சோற்றைத் தொட்டாலே அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்த சாஜன், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே தன் வடா பாவைக் கடித்தான்.