இல்லாத ஒன்பது சர்வர்கள்

எக்ஸில்டா கசூபா என்று கேட்டால் கிட்வே நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஒன்பது சர்வர் திருடின லோம்பே அம்மா" என்று கேட்டால், தக்காளி விற்கிறவர்கூடக் கையை நீட்டி வழி சொல்வார். லோம்பே அவள் மகள்; பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாயை அழைப்பது அங்கே வழக்கம். அவள் திருடவில்லை. திருடுவதற்கு அந்த ஒன்பதும் இருந்ததே இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் சிரிக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

தொழிற்கல்லூரியின் கணினிக்கூடத்தில் அவள் பதினோரு வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்தாள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு காகிதம் வரும், இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று. நிரந்தர ஊழியர்களுக்கு வீடு, ஓய்வூதியம், கிறிஸ்துமஸுக்கு ஒரு மூட்டை சோள மாவு. மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்குவதற்கு மட்டும் ஒப்பந்த ஊழியர்களைக் கூப்பிடுவார்கள். ஆகவே எக்ஸில்டாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: நிரந்தரம் என்று எழுதிய கடிதம்.

அதை வாங்கித் தருவதாகச் சொன்னவர் கல்லூரி முதல்வர் சிபாஷா. புவியியல் படித்தவர். கணினிப் படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தலைநகர் லுசாகாவிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று பதறிக்கொண்டு வந்தார்.

"லோம்பே அம்மா, பத்து சர்வர் இருக்கணுமாம். இல்லைன்னா படிப்பை மூடிடுவாங்க. நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணு."

"ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சார்? குட்டியா போடும்?"

"போட வைங்க. இது மட்டும் நடக்கட்டும், நிரந்தரத்துக்கு உங்க பேரை என் கையாலயே எழுதி அனுப்புறேன்."

அந்த ஒரு சர்வர், ஒரு சுரங்க அலுவலகம் மூடும்போது தூக்கிக் கொடுத்த பெரிய கணினிப் பெட்டி. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டால் ஒரு பெட்டிக்குள் பல கணினிகளை உண்டாக்கலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனிப் பெட்டி என்றே நினைத்துக்கொள்ளும். அதுவரை எக்ஸில்டாவுக்குப் பழக்கம்தான். ஆனால் பாடத்திட்டப்படி, ஒவ்வொரு மாணவரும் தன்னுடைய சர்வரில் தானே ஹைப்பர்வைசரை நிறுவி, அதற்குள் கணினிகளை உண்டாக்க வேண்டும். அதாவது, உள்ளே இருக்கும் கணினிக்குள் இன்னொரு கணினி. உள்ளே இருப்பதற்கு அந்தத் திறன் கிடையாது. செயலியில் திறன் இருந்தாலும் வெளியே இருப்பது அதை மறைத்துவிடும்.

அந்த மறைப்பை நீக்க அவளுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. சுரங்கக்காரர்கள் பெட்டியின் அடிப்படை அமைப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பெட்டியைக் கழற்றி அந்தக் கடவுச்சொல்லை அழித்தாள். பிறகு செயலியின் அந்தத் திறனை இயக்கினாள். ஹைப்பர்வைசரில் 'இல்லை' என்றிருந்த ஓர் அமைப்பை 'ஆம்' என்று மாற்றினாள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் உண்மையான செயலியை அப்படியே காட்டச் சொன்னாள். இத்தனைக்கும் நடுவில் தினமும் எட்டு மணி நேரம் மின்வெட்டு. பத்தொன்பதாம் நாள் பிற்பகல் ஒரு கணினிக்குள் கணினி, அதற்குள் இன்னொன்று, மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது. யாரும் இல்லாத அறையில் அவள் கைதட்டிக்கொண்டாள். அவ்வளவு பெரிய சந்தோஷம் அதற்குப் பிறகு அவளுக்கு வரவில்லை.

குழு வந்தது. படிவத்தில் பத்து வரிகள், ஒவ்வொரு சர்வருக்கும் வரிசை எண். திரையில் கேட்டால் உள்ளே இருக்கும் பத்தும் தனித்தனியாக ஆளுக்கொரு எண்ணைச் சொல்லின. எக்ஸில்டா வாசித்தாள், அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"சார், இது பத்தும் ஒரே பெட்டிக்குள்ளதான் இருக்குன்னு ஓரமா எழுதிடலாமா?" என்று முதல்வரின் காதில் கேட்டாள்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் எங்க இருக்கு? சும்மா இருங்கம்மா."

சும்மா இருந்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். நிரந்தரக் கடிதம் கண்முன்னே ஆடும்போது யாருக்குத்தான் இல்லாத கட்டம் உறுத்தும்?

படிப்பு பிழைத்தது, இரண்டு வருடம் நன்றாகவும் நடந்தது. மாணவர்கள் ஆளுக்கொன்றை உடைப்பார்கள், அவள் பழையபடி எழுப்பிக் கொடுப்பாள். கடிதம் மட்டும் "லுசாகாவுல இருக்கு, லோம்பே அம்மா" என்ற நிலையிலேயே இருந்தது.

மூன்றாம் வருடம் அரசாங்கச் சொத்துகளை எண்ண ஜேரே என்பவர் வந்தார். படிவத்தில் பத்து, அறையில் ஒன்று. அவர் ங்கோனி, இவள் பெம்பா. இரண்டு இனத்துக்கும் என்றோ நடந்த சண்டை, இன்று கேலி உறவாக மிஞ்சியிருக்கிறது. சாவு வீட்டில்கூடக் கிண்டலடிக்கலாம், கோபப்படத்தான் கூடாது. பெம்பாக்காரர் குரங்கு தின்னி, ங்கோனிக்காரர் எலி தின்னி என்பது வழக்கமான கேலி.

"என்னம்மா, குரங்கு தின்னி! ஒன்பது சர்வரையும் வறுத்துத் தின்னுட்டீங்களா?" என்றார் ஜேரே.

முறைக்கு முறை பதில் சொல்லாமல் இருந்தால் அவமரியாதை. "ஆமாய்யா, தின்னுட்டோம். எலி ஏதாவது கிடைக்குமான்னு பார்த்தா, நீங்க ஒண்ணு மிச்சம் வெச்சாத்தானே?"

அறையே சிரித்தது. ஜேரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாடா, நம்ம ஆள்தான் என்று எக்ஸில்டா எல்லாவற்றையும் விளக்கினாள், திரையைக் காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டே போனார். இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது: 'ஒன்பது சர்வர்கள் இல்லை. பொறுப்பாளரிடம் விசாரித்தபோது, தின்றுவிட்டோம் என்று பதிலளித்தார்.'

விசாரணை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் சிபாஷா.

"பத்தும் இதுக்குள்ளதான் இருக்குங்கிறீங்க," என்றார் தலைவர். "சரி, ஒண்ணை வெளியே எடுத்து மேசையில வைங்க. பார்ப்போம்."

"வெளியே எடுக்க முடியாது ஐயா. அது பெட்டி இல்ல."

"பெட்டி இல்லைன்னா வரிசை எண் எப்படிம்மா வந்துச்சு? கையெழுத்து யாரோடது?"

அவள் முதல்வரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் புவியியல் ஆளு. இந்த விஷயமெல்லாம் அந்தம்மாதான்," என்றார். பத்தொன்பது நாள் அவள் உழைப்பால் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர் அவர்.

அன்று மாலை அவரே கூப்பிட்டு அனுப்பினார். "கவனக்குறைவால தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. போலீஸ் வராது, கோப்பு மூடிடும். மூடினாத்தான் உங்க நிரந்தரக் கடிதம் நகரும்."

"இல்லாததை எப்படி சார் தொலைச்சேன்னு எழுதுறது?"

"இருந்துச்சுன்னு எழுதினீங்கல்ல? அதே மாதிரிதான்."

வீட்டில் மகள் லோம்பே செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம். எக்ஸில்டா எழுதிக் கொடுத்தாள்.

தொலைந்தது என்று அவளே எழுதிக் கொடுத்தபிறகு கல்லூரி சும்மா இருக்குமா? அரசாங்கத்திடம் ஈடு கேட்டது. ஏழு மாதத்தில் ஒன்பது சர்வர்கள் வந்து இறங்கின. நிஜப் பெட்டிகள். முதல்வர் நாடா வெட்டினார். அவற்றைப் பார்த்துக்கொள்ள நிரந்தர வேலை ஒன்றும் அறிவிப்பாயிற்று, கோப்பில் குறை எதுவும் இல்லாதவருக்கு.

அறிவிப்பைக் கிழித்துக்கொண்டு எக்ஸில்டா முதல்வர் அறைக்குப் போனாள். "இது என் வேலை சார். நீங்க சத்தியம் பண்ணாத குறையா சொன்னது."

"உங்க கோப்புல உங்க கையெழுத்துலயே எழுதி இருக்கே, லோம்பே அம்மா. நான் என்ன செய்யட்டும்?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க!"

"நான் சொன்னதா எங்கயாவது இருக்கா?" என்றார் சிபாஷா. குரலில் கோபம்கூட இல்லை. அந்த நிதானத்தைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வேலை என்டோலாவிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்குப் போனது. எக்ஸில்டா விட்டுவிட்டுப் போகவில்லை. போனால் லோம்பேயின் படிப்பு நின்றுவிடும். ஜனவரிக் காகிதம் வந்தது, வாங்கிக்கொண்டாள். புதிய சர்வர் ஒவ்வொன்றும் முப்பது கிலோ. இரண்டு ஆள் பிடித்துத்தான் ஏற்றினார்கள். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கூடத்தின் வாசலில் காவலாளி அவளை மட்டும் நிறுத்துவான்.

"பையைத் திறங்க, லோம்பே அம்மா."

சாப்பாட்டு டப்பா, குடை, கைக்குட்டை. அவன் டப்பாவையும் திறந்து பார்ப்பான்.