முனிராஜின் பேட்டரி

ஃபேக்டரியில் எங்கள் ஷிப்டில் வேலை செய்யும் ஐந்து பேர், கர்நாடக எல்லையை ஒட்டிய அஞ்செட்டிக் காட்டுக்குள் மூன்று நாள் நடக்கப் போனோம். என்னிடமும் முனிராஜிடமும் மட்டுமே செல்போன் இருந்தது; இரண்டும் ஒரே மாடல். கர்நாடக டவரா, தமிழ்நாட்டு டவரா என்று மாறி மாறித் தேடியே என் பேட்டரி முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டது. அவனோ போனை அணைத்து வைத்திருந்து, மேடு ஏறினால் மட்டும் போட்டு, எல்லோரையும் வீட்டுக்குப் பேச வைத்தான்.

"உம்போனு விசிறிக்கக்கூட ஆகாதுணா" என்று கூட வந்தவர்கள் என்னைக் கிண்டலடித்தார்கள். அவனைச் சுற்றியே எல்லோரும் உட்கார்ந்தது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவன் குளிக்கப் போனபோது பேட்டரிகளை மாற்றிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மேட்டுப் பாறையில் வழுக்கி விழுந்து முனிராஜுக்குக் கால் உடைந்தது. அவன் போனை அழுத்தினால் வெளிச்சமே வரவில்லை.

"நேத்து சார்ஜு மூணு பாயிண்ட் இருந்துச்சேணா" என்று முனகினான்.

என் போனை எடுத்தேன். "உன் பேட்டரி இதுலதாம்பா இருக்குது. நாந்தான் எடுத்தேன்."

அந்தப் போனிலேயே பேசி ஜீப்பை வரச் சொன்னேன். பிறகு, "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேணா" என்றான் முனிராஜ்.

இப்போது காட்டுக்குப் போனால் போனை அணைத்து வைக்கிறேன், கூடுதல் பேட்டரியும் எடுத்துப்போகிறேன். அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்து மனம் புழுங்கினால், வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன்.