சாயம் இறங்கிய இடம்

பேய், பிசாசு, பில்லி, சூனியம் எதையும் நான் நம்பியதில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பாருங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்தது நடந்ததுதான்.

வேலூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு ஆம்பூரில், தினமும் பஸ். உடம்பின் திசுவையும், சில சமயம் கலைந்துபோன கருவையும் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றுவதுதான் என் வேலை. சாயம் இல்லாவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் பிரித்துத் தெரியாது. நீலம் ஒன்று, ரோஸ் ஒன்று, இரண்டும் சரியாக ஏறினால் அந்தச் சீவலில் எது முதுகு, எது குடல், எது இதயம் என்று மாணவர்கள் விரல் வைத்துக் காட்டலாம்.

என் மாமியாருக்கு இந்த வேலை ஆகவே ஆகாது. எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது, அதற்கும் இதற்கும் அவராக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். "செத்த புள்ளைங்கள சீவிக்கினு இருந்தா வயித்துல எப்புடிம்மா தங்கும்? ஆண்டவருக்கே அடுக்காது" என்று வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் விடவில்லை. "அப்போ டாக்டருங்கல்லாம் புள்ள பெத்துக்கலயா அத்தை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். அழுதது உள்ளே போய்த்தான்.

மூன்றாவது முறை உண்டாகி, எங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்தபோது கரு இருந்தது, இதயத் துடிப்பு இல்லை. "அடுத்த வாரம் ஒருவாட்டி பாத்துடலாம். அப்பவும் துடிப்பு வரலன்னா எடுத்துடணும்" என்றார் டாக்டர். அந்த ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதனால் வேலைக்குப் போனேன், என்ன வேலை இருந்தாலும் கொடுங்கள் என்று மேடத்திடம் கேட்டேன். மேடம் என்றால் எங்கள் துறையின் பேராசிரியர், நல்ல மனுஷி. அவர் தயங்கினார். காரணம், காத்துக்கொண்டிருந்த வேலை ஒரு நாலு வாரக் கரு. பல வருடத்துக்கு முன்பு கரு கலைந்த ஒரு தாய், படிப்புக்கு ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனது, மெழுகுக் கட்டியில் அப்படியே இருந்தது.

"வேணாம் எஸ்தர், இத வேற யாருகிட்டயாவது குடுக்கறேன்" என்றார்.

"நானே பண்றேன் மேடம்" என்றேன். வீம்புதான். என் மாமியார் பேச்சுக்கு நான் பயந்துவிட்டேன் என்று எனக்கே தோன்றக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் சாயம் ஏற்றினேன். அப்படி ஒரு சாயம் என் சர்வீஸில் வந்ததில்லை. நாலு வாரத்தில் இதயம் என்பது வளைந்த ஒரு குழாய், அவ்வளவுதான், ஆனால் மனித உடம்பில் முதலில் வேலையைத் தொடங்குகிற உறுப்பு அது. ரோஸ் நிறத்தில் பளிச்சென்று நின்றது. மேடமும் பார்த்தார், "ஹார்ட் சூப்பரா வந்திருக்கு" என்றார். மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டி மூடி, காய வைத்து, லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை ஸ்கேனுக்குப் போகிற வழியில் லேபைத் திறந்து ஸ்லைடுகளைப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், இதயம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. முதுகு அப்படியே இருக்கிறது, குடல் அப்படியே இருக்கிறது, இதயத்தில் மட்டும் நீலமும் இல்லை, ரோஸும் இல்லை. ஒரு ஸ்லைடில் அல்ல, இதயம் வருகிற அத்தனை ஸ்லைடிலும் அப்படித்தான். ஒட்டிய கண்ணாடி ஒன்றுகூட அசையவில்லை. மேடம் வந்து பார்த்துவிட்டுக் கெமிக்கல் கோளாறு என்றார், அப்புறம் அவரே இல்லை என்றார். என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் சாயம் ஏற்றுகிற பிரிவில் சூப்பர்வைசர், பிறகு அவரிடம் சொன்னபோது, "மொத்தமா வெளுக்கும், திட்டு திட்டா வெளுக்கும். குறிப்பா ஒரு எடத்துல மட்டும் எப்புடி எறங்கும்?" என்றுதான் கேட்டார்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதயம் இல்லை என்று முன்கூட்டியே சொல்கிறது என்றுதான் நினைத்தேன்.  ஆனால் பயத்தைவிடக் கோபம் ஜாஸ்தியாக வந்தது. "இன்னா, பயமுறுத்திப் பாக்கறியா?" என்று அந்த ஸ்லைடைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். கேட்டுவிட்டு நேராக ஸ்கேன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

துடிப்பு இருந்தது. டாக்டர் சத்தத்தைக் கூட்டி வைத்தார், குதிரை ஓடுகிற மாதிரி அந்த அறை முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த ஸ்லைடு ஏன் வெளுத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே இறங்கியது இங்கே ஏறியிருந்தது.

ஸ்லைடுகளைத் தூக்கிப் போடச் சொன்னார் மேடம். போட்டேன், ஒன்றைத் தவிர.

மகள் பிறந்தாள். என் மாமியார் அவளைத் தரையில் விடுவதில்லை, வேலையை விடு என்கிற பேச்சும் நின்றுபோனது. மூன்று வயதில் அவளுக்கு டெங்கு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஐசியுவில் கிடந்தாள். பட்டப்பகலில், வார்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் லேபுக்கு ஓடி அந்த ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வெளுத்திருந்த இதயத்தின் ஓரத்தில் மெல்லிசாக ரோஸ் ஏறியிருந்தது. முந்தின வாரம் பார்த்தபோது அது இல்லை, சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியா? தரமாட்டேன், போ" என்றேன்.  அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டே இருந்தேன், வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, "ஜுரம் கம்மியாயிடுச்சி, உன்னக் கேக்கறா, வா" என்று சொல்லும்வரைக்கும்.

இப்போது யூகேஜி படிக்கிறாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த எந்த டாக்டரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் ஏறின அந்த ரோஸ் இன்னும் இறங்கவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அப்படியே நிற்கிறது. தினமும் காலையில் லேபைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், பார்த்த பிறகுதான் பையைக் கீழே வைக்கிறேன்.

யாரோ ஒருத்தி வயிற்றில் தங்காமல் போன குழந்தை அது, அதன் பக்கம் நியாயம் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். நான் தரப்போவதில்லை.